26 அடியா, 32 அடியா? வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்

புதுசா_வந்தவன் (சவுத்தாம்ப்டன்):
வணக்கம். இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம், இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். வேறு வீடு தேடினால் எல்லோரும் ஜாமீன் கேட்கிறார்கள், எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அலுவலகத்தில் ஒருவர் படகிலேயே குடியிருக்கிறார், வாடகையே இல்லை என்கிறார். நானும் இரண்டு பழைய பாய்மரப் படகு பார்த்துவிட்டேன். ஒன்று வெஸ்டர்லி சென்டார், 26 அடி, 1975இல் கட்டியது, 5,500 பவுண்ட். இன்னொன்று வெஸ்டர்லி ஃபுல்மார், 32 அடி, 1983, விலை 16,000. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள். எதை வாங்குவது? அவசரம், தயவுசெய்து சொல்லுங்கள்.

லெஸ்டர்_மாமா:
தம்பி, நான் 2004இல் வந்தபோது ஒரு அறையில் ஐந்து பேர். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவன் படுக்க, படுத்திருப்பவன் எழுந்து வேலைக்குப் போவான். மெத்தை ஆறியதே கிடையாது. அதையே தாண்டி வந்தோம். படகு எதற்கு? பேசாமல் லெஸ்டர் வந்துவிடுங்கள், கோயில் இருக்கிறது, கடை இருக்கிறது.

பிளிமத்_தூத்துக்குடிக்காரன்:
மாமா, அவருக்கு வேலை சவுத்தாம்ப்டனில்!

சென்டாரை எடுங்கள். 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள், பழைய சாமான் எங்கும் கிடைக்கும். எங்கள் ஊர் வள்ளத்தில் ஏரா என்போமே, படகின் அடியில் நீளவாக்கில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கீல் இதற்கு இரண்டு. தண்ணீருக்குக் கீழே மூன்றடிதான். ஓதம் வற்றினால் சேற்றில் ஆடு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதனால் வற்றுகிற ஓடைகளில் மலிவான இடத்தில் கட்டிவைக்கலாம்.

என் முதல் குளிர்காலம் 27 அடிப் படகில்தான். ஜனவரியில் ஒருநாள் மெத்தையைத் தூக்கினேன், அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மழையும் இல்லை, ஓட்டையும் இல்லை. எல்லாம் நான் விட்ட மூச்சு, குளிர்ந்த சுவரில் பட்டு வியர்த்து வழிந்தது. தலைமாட்டில் வைத்த பாஸ்போர்ட் உறையில் பச்சைப் பூஞ்சை.

வல்வை_அண்ணா (லண்டன்):
தம்பி, சின்னனை வாங்கிப்போட்டு ஒரு வருசத்திலை பெரிசு தேடுவியள். ஃபுல்மாரை எடுங்கோ. எட் டுபுவா வரைஞ்ச படகு, கடல் எழும்பினாலும் நல்லா ஓடும். எங்கட வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இலை அமெரிக்காவின்ரை குளொஸ்டருக்குப் பாய் விரிச்சுப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பயப்பிடலாமோ?

பிளிமத்_தூத்துக்குடிக்காரன்:
அண்ணே, அன்னபூரணியில் யாரும் வீடு காலி செய்துவிட்டுக் குடியேறவில்லை.

கார்டிஃப்_சுந்தர்:
ஈரத்துக்கு ஒரு டீசல் ஹீட்டர் போட்டால் போதும்.

பிளிமத்_தூத்துக்குடிக்காரன்:
போதாது. மெத்தைக்கு அடியில் காற்று போக வழி வேண்டும், ஈரம் உறிஞ்சும் மெஷினும் வேண்டும். அதற்குக் கரை மின்சாரம் வேண்டும். மின்சாரம் உள்ள இடம் மலிவில்லை.

லெஸ்டர்_மாமா:
இந்த நாட்டில் எது மலிவு? முருங்கைக்காய் விலை பார்த்தீர்களா? ஊரில் பக்கத்து வீட்டு மரத்தில் சும்மா தொங்கும்.

கார்டிஃப்_சுந்தர்:
அதுவும் காய்ந்த காய், மாமா. சாம்பாரில் போட்டால் விறகு.

கோஸ்போர்ட்_அக்கா:
முருங்கைக்காயைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். தம்பி, கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் குடியிருக்கப்போகிறீர்கள்? படகை எங்கே கட்டுவீர்கள்? பாய்மரம் ஓட்டியிருக்கிறீர்களா? சர்வேயர் பார்த்தாரா?

புதுசா_வந்தவன்:
நான், மனைவி, நாலு வயது மகள். ஏப்ரலில் அம்மா வருகிறார். ஓட்டத் தெரியாது, எனக்கு நீச்சலும் வராது. இடம் படகோடு சேர்ந்து வருவதில்லையா? சர்வேயர் என்றால்?

கோஸ்போர்ட்_அக்கா:
சரி, நல்லவேளை இப்போதே சொன்னீர்கள். சர்வேயர் என்றால், வாங்குவதற்கு முன் படகைச் சோதித்துக் குறைகளைச் சொல்கிறவர்; அந்தச் சோதனைதான் சர்வே.

இடம் படகோடு வருவதில்லை. பல மரீனாக்களில், அதாவது காசு கட்டிப் படகு நிறுத்தும் துறைகளில், நிரந்தரமாகக் குடியிருக்க விடமாட்டார்கள். உங்கள் அலுவலக நண்பர் வாடகை கட்டாமல் இருக்கலாம், ஆனால் கட்டுமிடத்துக்கு மீட்டர் கணக்கில் பணம் கட்டிக்கொண்டுதான் இருப்பார். பெரியதற்கும் சின்னதற்கும் நீளத்தில் இரண்டு மீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனால் எடையைப் பாருங்கள்: சென்டார் சுமார் மூன்று டன், ஃபுல்மார் நாலரை. பாய், நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஏறும். வருடாவருடம் தூக்கி அடியில் பெயின்ட் அடிக்கிற செலவு வேறு. விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு முழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்டாரில் உள்தரைப் பலகையைக் கழற்றி, கீல் பொருந்தும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படகின் பேர்போன வியாதி அது. பலர் உள்ளே பலப்படுத்தியிருப்பார்கள், செய்த ரசீது கேளுங்கள். ஃபுல்மாரில் பாய்மரத்தைப் பிடித்து நிற்கிற கம்பிகள் எப்போது மாற்றியவை? பத்து வருடம் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர் மாற்றச் சொல்லக்கூடும். இரண்டிலும் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். புது டீசல் எஞ்சின் போட்டால் சென்டார் விலையையே தாண்டிவிடும்.

முன்பணம் பொதுவாகப் பத்து சதவீதம். சர்வே சரியில்லை என்றால் திருப்பித் தரவேண்டும் என்று எழுத்தில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். விற்கிறவர் பெயரில் முந்தைய விற்பனைப் பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆனால் நாலு வயதுக் குழந்தை, நீச்சல் தெரியாத அப்பா, பனிக்காலம் வருகிறது. இதற்கு 26 அடியும் வேண்டாம், 32 அடியும் வேண்டாம். ஆறு மாதம் ஒரு அறை எடுங்கள். கோடையில் ஐந்து நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், பிடித்தால் அப்புறம் வாங்கலாம். என் தோழி வீட்டில், மாடியில் இரண்டு அறை காலியாகிறது, ஜாமீன் கேட்கமாட்டாள். தனிச்செய்தியில் பேசுவோம்.

வல்வை_அண்ணா (லண்டன்):
அக்கா சொல்றது சரிதான். ஆனாலும் ஃபுல்மார் நல்ல படகு.

புதுசா_வந்தவன்:
நன்றி அக்கா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். ஃபுல்மார்காரருக்கு ஃபோன் செய்து சர்வே பற்றிக் கேட்டேன். "நல்ல படகு, சர்வே எதற்கு" என்கிறார். சர்வேக்காகப் படகைக் கரைக்குத் தூக்குகிற கிரேன் செலவு என் தலையிலா?

கோஸ்போர்ட்_அக்கா:
ஆமாம், வாங்குகிறவர்தான் கட்டணும். சர்வே எதற்கு என்று கேட்கிறவரிடம் அந்த செலவும் வேண்டாம். போனை வைத்துவிட்டு அறையைப் பாருங்கள், சனிக்கிழமை பதினோரு மணிக்கு.