பிக்கப்பில் ரோல் கேஜ்: கேபின் தரையில் விரிசல், கதவும் திறக்க மறுக்கிறது

கேள்வி:
வணக்கம். ஏணி வடிவச் சேசிஸ் (அடிச்சட்டம்) ஒன்றின் மேல் இருவர் உட்காரும் கேபினை ஏற்றி, கரடுமுரடான பாதைகளுக்காக ஒரு பிக்கப் கட்டியிருக்கிறேன். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூடான ரோல் கேஜைப் பட்டறை ஒன்றில் பொருத்தினார்கள். முன்கால்களும், இருக்கைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் மெயின் ஹூப்பும் கேபின் தரையில் போல்ட் போட்டு நிற்கின்றன. ஹூப்பைப் பின்னாலிருந்து தாங்கும் பின்தாங்கிகள் இரண்டும் கேபினின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ச் சேசிஸோடு வெல்டிங் ஆகியிருக்கின்றன. கேபின் ரப்பர் மவுண்டுகளின் மேல்தான் இருக்கிறது.

இப்போது ஹூப்பின் பாதத் தகட்டு மூலையிலிருந்து தரையில் மெல்லிய விரிசல் கிளம்பியிருக்கிறது. அதன் நெடுக பெயின்ட் உரிந்து துரு தெரிகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க முடிவதில்லை. தடித்த தகடு வைத்தால் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்:
போதாது. தகட்டைத் தடியாக்கினால் விரிசல் புதுத் தகட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஏணிச் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு கேபினுக்கு ஏறாமல் இருக்கத்தான் ரப்பர் மவுண்ட். உங்கள் கேஜ் ஒரு காலைச் சேசிஸிலும் மறுகாலைக் கேபினிலும் ஊன்றியிருக்கிறது. ரப்பர் தடுத்த முறுக்கை இந்தக் குழாய்கள் நேராகத் தரைத் தகரத்துக்குக் கொண்டுபோகின்றன.

சந்தேகம் இருந்தால் சமதளத்தில் நிறுத்திக் கதவின் மேல் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் உயர்த்தி மறுபடி அளவெடுங்கள். பிறகு ஹூப்பின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு அதையே செய்து பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். போல்ட் இறுக்கமாக இருந்தபோது இடைவெளி ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது. தளர்த்திவிட்டு உயர்த்தியபோது இடைவெளி மாறவில்லை. பின்தாங்கியைக் கேபினுக்குள்ளேயே இறக்கிவிடலாமா? இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது.

பதில்:
அந்த ஒரு சாணில் முடியாது. எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி பின்தாங்கி நேர்க்குழாயாக, செங்குத்திலிருந்து குறைந்தது 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். எனவே கேஜின் எல்லாக் கால்களையும் சேசிஸுக்குக் கொண்டுபோங்கள். கேபின் தரையில் குழாயைவிடப் பெரிய துளை போட்டு, இடைவெளியை ரப்பர் உறையால் மூடுங்கள். கேபின் தன் பாட்டுக்கு அசையும், கேஜைத் தொடாது.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இருக்கையும் பெல்ட்டும் கேபின் தரையிலேயே இருந்தால், வண்டி உருளும்போது நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள், கேஜ் இன்னொரு பக்கம் போகும். இரண்டையும் கேஜோடு சேர்த்த குறுக்குக் குழாய்களில் பொருத்துங்கள்.

இன்னொருவர்:
பிரித்து மாட்டுவதற்கு முன் குழாயையே ஒருமுறை பாருங்கள். அதே விதிகள் மெயின் ஹூப்புக்குக் கேட்பது சீம்லெஸ் (நீளவாக்கில் இணைப்பு இல்லாத) குழாய்: 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். வளைவின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். சுருக்கம் தட்டுப்பட்டால் குழாய் மடங்கப்போவது அங்கேதான். வளைவின் ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

கூரையை ஒட்டிய இணைப்புகளின் மேல்பக்கத்துக்கும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். வெல்டிங் டார்ச் நுழையாததால் அங்கே வெல்டிங்கே இல்லாமல் விட்டுவிடுவது பட்டறைகளில் சாதாரணம். தரையில் துளை போடப் போகிறீர்கள் அல்லவா? அதன் வழியாகக் கேஜைச் சற்று இறக்கி மேல்பக்கத்தைச் சுற்றிலும் வெல்டிங் செய்துவிட்டு மறுபடி உயர்த்தலாம்.

கேட்டவர்:
கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஓட்டுநர் பக்க மூலையில் பாதிச் சுற்றுதான் வெல்டிங் இருக்கிறது. கேஜைக் கழற்றிவிடுகிறேன். இந்த வண்டி சாலையிலும் ஓடும், ஹெல்மெட் போடுவதில்லை. குழாயில் சாதாரணப் பஞ்சு சுற்றினால் போதுமா?

பதில்:
சாதாரணப் பஞ்சு ஒரே அடியில் நசுங்கிவிடும். கேஜுக்கென்றே வரும் கெட்டியான பேடிங் வேண்டும். அதுவும் ஹெல்மெட் அணிந்த தலையை மனத்தில் வைத்துச் செய்யப்படுவதுதான். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதாக இருந்தால், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தலை குழாயைத் தொடாதபடி ஹூப்பைத் தள்ளி அமையுங்கள். தள்ள இடமில்லையென்றால் சாலைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்; எரிபொருள் தொட்டி பின்தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் இறக்கி வைத்துவிடுங்கள்.