கடைக்கண்மாய் நிறையவே இல்லை: நெட்லோகோ மாதிரியில் தவறா, தாத்தா சொன்னதிலா?

குண்டாற்றங்கரை:
வணக்கம். குண்டாற்றுப் படுகையில் எங்கள் ஊரையும் சேர்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக 5 கண்மாய்கள். மேலே இருப்பது பெருகி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். எங்களுடையதுதான் கடைசி. இந்தச் சங்கிலியை நெட்லோகோ என்ற கணினி மாதிரி மென்பொருளில் எழுதியிருக்கிறேன். ஒரு டிக் என்றால் ஒரு நாள். மழை, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், வயலுக்குத் திறக்கும் மடை, உபரி வழியும் கலிங்கு எல்லாம் உண்டு. ஆயக்கட்டு விவசாயிகள் ஒவ்வொருவரும் ஒரு ஏஜென்ட், அதாவது தனக்கான விதிப்படி இயங்கும் ஒரு உறுப்பு.

இரண்டு சிக்கல். ஒன்று, அதே மழைக்கணக்கைக் கொடுத்தாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்ணீர் வந்துசேரும் நாளும் விளைச்சலும் மாறுகின்றன. இரண்டாவதுதான் என்னை உறங்கவிடவில்லை. 100 ஓட்டம் ஓட்டினேன், கடைக்கண்மாய் ஒன்றில்கூட மறுகால் பாயவில்லை. ஆனால் நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து தண்ணீர் பங்கிடுபவராக இருந்த என் தாத்தா, மாமா 1994-ல் பதிந்த கேசட்டில், "மார்கழியில நம்ம கண்மாய் மறுகா போகாத வருசம் கொறச்சல்" என்கிறார். அவர் இப்போது இல்லை. மேல்கண்மாய்க் கலிங்கில் அவர் நிற்கும் பழைய படம் ஒன்றும் இருக்கிறது. அது சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரிக்கப் பயமாக இருக்கிறது. கேசட்டும் நடுநடுவே மங்குகிறது. மாதிரியை நம்புவதா, தாத்தாவை நம்புவதா என்று தெரியாமல் கேட்கிறேன்.

வைகைக்கரை:
முதல் சிக்கலுக்குப் பதில் சொல்கிறேன் தங்கச்சி. நெட்லோகோவில் 'ஆஸ்க்' கட்டளை ஒவ்வொரு முறையும் ஏஜென்ட்களைக் கலைத்துப் போட்டுத்தான் கூப்பிடும். மேல்கண்மாய்க்கு முதலில் முறை வந்தால் அதன் உபரி அதே நாளில் கீழே இறங்கி, அங்கிருந்து இன்னும் கீழே போய்விடும். கடைக்கண்மாயில் தொடங்கி மேல்நோக்கி முறை வந்தால் அதே தண்ணீர் நாலாவது நாள்தான் வந்துசேரும். அதற்குள் நடுவில் இருக்கிற மடைகள் குடித்துவிடும்.

ஒரு டிக்கை இரண்டாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு கண்மாயும் தன் உபரியைக் கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்ளட்டும், ஒரு சொட்டும் நகரக் கூடாது. இரண்டாவது சுற்றில் எல்லாம் ஒன்றாக நகரட்டும். பிழை தேடும்வரை, கலைக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் ரேண்டம்-சீடுக்கு ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு டிக் முடிவிலும் வந்த மழை, ஆவி, பாசனம், கண்மாய்களில் நிற்பது, கடைசியில் வெளியேறியது எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும்.

விவசாயிகளின் வரிசையையும் கவனியுங்கள். அவர்களைக் கலைத்துக் கூப்பிடக் கூடாது. மடை திறப்பது உங்கள் தாத்தாவின் முறைப்படி நடந்தது, அதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

பழைய ஓவர்சியர்:
கலிங்கின் உயரத்தை எங்கே எடுத்தீர்கள் அம்மா? இப்போது போய் அளந்ததா?

குண்டாற்றங்கரை:
ஆமாம் ஐயா, போன மாதம் நானே டேப் பிடித்து அளந்தேன். மேல்தளத்தில் ஒரே மட்டமாகச் சிமென்ட் பூசியிருக்கிறது. அதைத்தான் முழுக்கொள்ளளவு மட்டமாக வைத்தேன்.

பழைய ஓவர்சியர்:
அங்கேதான் விஷயம். அந்தக் காலக் கலிங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல்லிடுக்கைத் திறந்தே விடுவார்கள், இல்லையென்றால் கரை தாங்காது. மழை ஓய்கிற சமயத்தில் புல்கரணையும் களிமண்ணும் வைத்து இடுக்கை அடைத்தால் கல்லின் தலைவரை தண்ணீர் நிற்கும். ஒரே கலிங்குக்கு இரண்டு மட்டம். பிறகு பல ஊர்களில் இடுக்கைச் சிமென்ட் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். மேலூர்க்காரருக்கு அது லாபம், கீழூருக்கு வர வேண்டிய முதல் தண்ணீர் அங்கேயே நின்றுபோகும். நீங்கள் அளந்தது இந்த அடைத்த மட்டமாக இருக்கும். தாத்தா பேசியது திறந்த கலிங்கைப் பற்றி. படத்தில் கல் தெரிகிறதா பாருங்கள்.

படப்பெட்டி:
படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள் அக்கா. அதன் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் கண்ணாடித் தடிமனுக்கு அப்பால் மங்கும், லென்ஸ் வைத்த சிசிடி வகை ஸ்கேனர் வேண்டும். 600 டிபிஐ, டிஃப் கோப்பு. அது கிடைக்காவிட்டால் கேமராவை நேர்மேலே நிறுத்தி இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வையுங்கள், பளபளப்பு விழாது.

சட்டகத்தின் பின்பலகையை மட்டும் மெதுவாகக் கழற்றலாம். படத்தின் முதுகில் எழுத்து இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதையும் படம் எடுங்கள்.

கேசட்டுக்குள் நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி இப்படித்தான் மங்கும். திருகு வைத்த வேறு கேசட்டுக் கூட்டுக்கு நாடாவை மாற்றலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்குவதெல்லாம் நகலில் மட்டும். மூலப்பதிவில் அவர் இருமியதும் இருக்கட்டும்.

குண்டாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு சுற்றாகப் பிரித்ததும் நீர்க்கணக்கு சரியாக வந்துவிட்டது, ஒரே மழைக்கு ஒரே விடை. படத்தைப் பெரிதாக்கினேன். தாத்தாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் கற்கள் வரிசையாக நிற்கின்றன, இடுக்குகளில் தண்ணீர் பாய்கிறது! முதுகில் பென்சிலால் "ஐப்பசி 71" என்று இருக்கிறது. கேசட்டிலும் "கார்த்திக தீபம் முடிஞ்சாத்தான் கல்லடைப்போம்" என்கிறார். இதை முன்பு பத்து தடவையாவது கேட்டிருப்பேன், விதியாக எழுதத் தோன்றவில்லை. தீபம்வரை தாழ்ந்த மட்டம், அப்புறம் உயர்ந்த மட்டம் என்று மேல் நான்கு கலிங்குக்கும் மாற்றினேன். நல்ல மழை ஆண்டுகளில் கடைக்கண்மாய் மார்கழியில் மறுகால் பாய்கிறது.

வைகைக்கரை:
ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கவனம். தாத்தா சொன்னது வரும்வரை எண்களைத் திருகிவிட்டு, பிறகு அதையே சான்று என்று காட்டக் கூடாது. கேசட்டில் அவர் சொன்ன விதிகளை மாதிரிக்குள் வையுங்கள். எந்த வருஷம் நிறைந்தது, எது காய்ந்தது என்று அவர் சொன்னவற்றை மாதிரிக்குக் காட்டாமல் தனியே வைத்து, கடைசியில் ஒப்பிடுங்கள். ஐப்பசி 71 படத்தையும் அப்படியே. அன்றைய மழைப்பதிவைக் கொடுத்தால் அந்த இடுக்கில் அவ்வளவு தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

பாலித் தீவில் ஸ்டீபன் லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமரும் இதே வழியில் போனார்கள். ஊஸ், பெத்தானு ஆறுகளுக்கு இடையில் சுபக் எனப்படும் 172 விவசாயிகள் பாசனக் குழுக்களை மாதிரியாக எழுதி 1993-ல் வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதவில்லை, அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் பூச்சி பெருகியது. நீர்க்கோயில்கள் வழியாகக் குழுகுழுவாகப் பேசி வைத்து நடும் முறையை ஒட்டிய அளவில்தான் விளைச்சல் நன்றாக வந்தது.

குண்டாற்றங்கரை:
சரி அண்ணா, வருஷங்களைத் தனித்தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மாதிரி முடியும்வரை எனக்குக் காட்ட மாட்டார். கேசட்டின் இரண்டாவது பக்கம் இன்னும் ஓடவில்லை, கூடு மாற்றக் கொடுத்திருக்கிறேன். ஓவர்சியர் ஐயா, நான் அளந்த சிமென்டுக்குக் கீழே பழைய அடிமட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு மேல்கண்மாய்க்குப் போகிறேன்.

பழைய ஓவர்சியர்:
தண்ணீர் வெளியே விழும் பக்கம் போய்ப் பாருங்கள். கருங்கல் கட்டுமானம் முடிந்து சிமென்ட் தொடங்கும் கோடு தெரியும். அந்தக் கோட்டிலிருந்து அளந்து வாருங்கள்.