ஆறு ஆரை சேர்ந்தால் ஒரு பரிதியா? தரம் 10 பிள்ளைக்கு என்ன சொல்வது

வெள்ளவத்தை மிஸ்:
வீட்டில் தரம் 10 பிள்ளைகள் நாலு பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரைச்சிறை (இரண்டு ஆரைக்கும் ஒரு வில்லுக்கும் இடைப்பட்ட வட்டத்துண்டு) தொடங்குமுன் வட்டத்தைச் சம பங்காக்கிக் காட்டலாமென்று, கவராயத்தை ஆரையளவிலேயே வைத்துப் பரிதியில் ஆறு தரம் வெட்டச் சொன்னேன். ஆறாவது வெட்டு தொடங்கிய புள்ளியிலேயே வந்து விழுந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். யன்னலோரம் இருக்கிறவள் மட்டும், "அப்ப மிஸ், ஆறு ஆரைதானே சுத்தி வருது? பிறகு எதுக்கு இந்தப் பை (π) எல்லாம்?" என்றாள்.

இரண்டு வெட்டுக்கும் இடையே நேராகப் போகும் நாண் வேறு, வளைந்து போகும் வில் வேறு என்று சொன்னேன். தலையாட்டினாள். அடுத்த கணக்கில் ஆரை 21 செ.மீ, கோணம் 60 பாகை. வில்லின் நீளம் 21 என்று எழுதி வைத்திருக்கிறாள். விடை 22. "ஒண்டுதானே வித்தியாசம்" என்று வாதம் வேறு. கண்ணால் பார்த்து நம்ப ஏதாவது வழி இருக்கிறதா?

வெண்கட்டி:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், திட்டிவிடாதீர்கள். கவராயம் வளைவில் நடப்பதில்லை, குறுக்கே தாவுகிறது. நூல் எடுங்கள். ஆரை 7 செ.மீ என்றால் பரிதி 44. ஏழு ஏழு சென்ரிமீற்றராக ஆறு துண்டு வெட்டி, மட்டையில் வெட்டிய வட்டத்தின் விளிம்போடு ஒட்டச் சொல்லுங்கள். 42தான் வரும், மிச்சம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஆரையளவு நீள வில்லுக்கு மையத்தில் 60 பாகை கிடைக்காது, ஏறத்தாழ 57.3தான். உயர்தரத்தில் ஆரையன் என்று படிப்பது இதைத்தான்.

ஊசிநூல்:
நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள் இல்லை, கொட்டாஞ்சேனையில் தைக்கிறேன். அம்பர்லா பாவாடைக்குத் துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து இடுப்புக்கு ஒரு வில் போடுவோம், விரித்தால் முழு வட்டம். முதல் தரம் 28 அங்குல இடுப்புக்கு, 28ஐ ஆறால் பிரித்து வந்த அளவில் வெட்டினேன். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அளந்தால் 29க்கும் மேல்! பழக்கிய அக்கா சிரித்துவிட்டு, "ஆறால் பிரி, பிறகு இரண்டு நூல் குறை" என்றார். (எட்டு நூல் ஓர் அங்குலம்.) துணி மூலைவாட்டில் இழுபடும், அதற்காகத்தான் குறைக்கிறோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உங்கள் பிள்ளையும் நானும் ஒரே பிழைதான் விட்டிருக்கிறோம்.

பம்பலப்பிட்டி அப்பா:
அடுத்தது "ஏழாகப் பிரிப்பது எப்படி" என்று வரும், என் மகன் கேட்டான். கவராயமும் அடிமட்டமும் மட்டும் வைத்து அச்சொட்டாக முடியாது. 1837இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவிவிட்டார். ஆனால் அந்த ஆறு வெட்டில் ஒன்று விட்டு ஒன்றைத் தொடுத்து, வந்த நாணில் பாதியைக் கவராயத்தில் எடுத்துப் பாருங்கள். ஆரை 7 என்றால் 6.06 வரும், வேண்டியது 6.07. ஏழு வெட்டும் முடிய ஒரு மில்லிமீற்றர் அளவில் பிசகும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை மிஸ்:
எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்தோம். ஒற்றை மட்டையில் நூல் வழுக்குகிறது. மூன்றை ஒட்டி வெட்டிய பிறகுதான் விளிம்பில் நின்றது. ஆறாவது துண்டையும் ஒட்டிவிட்டு, அவளே அடிமட்டம் வைத்து இடைவெளியை அளந்தாள். 2 செ.மீக்கு ஒரு சொட்டுக் குறைவு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டையும் ஆறு துண்டுக்கும் பிரிச்சுக் குடுக்கோணும் மிஸ்" என்றாள். வில் 7⅓!

சரி என்று அந்த ஆரைச்சிறையின் சுற்றளவைக் கேட்டேன். அதற்கும் 7⅓ என்றே எழுதினாள். இரண்டு பக்கத்து ஆரையையும் கூட்டவே இல்லை. அதற்கு இன்னொரு திரி தொடங்க வேண்டியதுதான்.