தட்டு ஏந்தும் ரோபோ கம்பள விளிம்பில் நின்றுவிடுகிறது: சென்சார் கோளாறா?

கேள்வி:
பாட்டியின் கட்டிலுக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோகும் தட்டு ரோபோ, கட்டிலருகே கிடக்கும் கருநீலக் கம்பளத்தின் விளிம்பில் சட்டென்று நின்று பின்வாங்குகிறது. திரையில் "பள்ளம்" என்ற எச்சரிக்கை. தரை சமம்தான். வரைபடத்தை அழித்து வீட்டை மறுபடி சுற்றவிட்டும் பலனில்லை. சென்சாரை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
அடியிலுள்ள பள்ள சென்சார்கள்மேல் வெள்ளைத் தாளை வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். கம்பளத்தைத் தாண்டிவிடும்.

பதில் 2:
தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் படிக்கட்டும் அதற்குச் சமதரைதான். கீழே ஆள் நின்றால் அவர்மேலேயே வந்து விழும்.

சென்சார் பழுதில்லை என்றே தோன்றுகிறது. அது அகச்சிவப்பு ஒளியைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அடர்நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடும். ஒளி திரும்பாத இடமெல்லாம் ரோபோவுக்குப் பள்ளம். சோதித்துப் பாருங்கள்: கம்பள விளிம்பிலிருந்து உள்நோக்கி, ரோபோவின் அகலத்துக்கு வெள்ளைத் தாள்களை டேப் போட்டு விரியுங்கள். தாள்மேல் ஏறி, தாள் முடியும் இடத்தில் நின்றால் கம்பளமே காரணம். தாளிலும் நின்றால் ரோபோவை அணைத்து, சென்சார்களின் முகப்பை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் போதும்.

கம்பளம்தான் என்றால் எடுத்துவிடுங்கள். அதன் விளிம்பு பாட்டியின் காலையும் தடுக்கும். ரோபோவை விளிம்புக்கு முன்பே நிற்கவைத்து, அவர் கட்டிலிலிருந்து எட்டி எடுக்கும்படி விடவே கூடாது.

கேட்டவர்:
தாளில் ஏறியது, முடிந்த இடத்தில் நின்றது. கம்பளத்தை எடுத்தாயிற்று. ஆனால் மாலையில் மட்டும் ஜன்னலோரம் வெறுந்தரையிலும் நிற்கிறது.

பதில் 2:
அது சாய்வெயில். பல சென்சார்கள் தம் ஒளியை ஏற்றி அணைத்து, இரண்டு அளவுக்குமுள்ள வித்தியாசத்தைப் பார்க்கும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது நேராக உள்ளே அடித்தால் இரண்டு அளவும் உச்சத்தில் நிற்கும். வித்தியாசம் 0, அதாவது பள்ளம். அந்த நேரத்துக்குத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், அல்லது வழியை அரை மீட்டர் உள்ளே தள்ளி வரையுங்கள்.

பதில் 3:
சட்டென்று நிற்கும்போது தண்ணீர் தளும்பும். டம்ளரில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம், தட்டில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். மாத்திரையைத் தனி மூடிக் கிண்ணத்தில் வையுங்கள், நனைந்தால் கரைந்துவிடும். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள், பாட்டி கால் வைக்கும் இடம் அது.