பிரேக் ஆயில் குறைகிறது: ரப்பர் மட்டும் மாற்றினால் போதுமா, சிலிண்டரையே மாற்றணுமா?

தாமுவே ப்ரோபாக்ஸ்
அண்ணன்மார்களுக்கு ரங்கூனிலிருந்து வணக்கம். வண்டி 2005 டொயோட்டா ப்ரோபாக்ஸ், வீட்டில் ஆறு பேருக்கும் இது ஒன்றுதான். மழை பிடித்ததிலிருந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே இருக்கிறது, மூன்று வாரத்தில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. நேற்று ஒரு திருப்பத்தில் ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது, ஹேண்ட்பிரேக்கை இறக்கித்தான் வைத்திருந்தேன். எங்கள் தெரு மெக்கானிக் "ஊற்றி ஊற்றி ஓட்டு, மழை விட்டதும் பார்க்கலாம்" என்கிறார். வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு பெகு ஊருக்குப் போகணும். போகலாமா?

சும்மா எட்டிப்பார்க்கிறேன்
போகலாம். முன்சக்கர பிரேக் பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். இதற்குப் பேர் ஒழுகல் இல்லை. டாட் 3 பிரேக் ஆயில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ராத்திரி ஸ்பானர்
மூன்று வாரத்தில் பேட் அவ்வளவு தேய்ந்தால் அது பேட் இல்லை, சோப்புக் கட்டி. பேட் தேய்மானத்தில் அளவு இறங்குவது உண்மைதான், ஆனால் அதற்கு மாதக்கணக்கு ஆகும். இந்த வேகத்தில் குறைந்தால் ஆயில் எங்கேயோ வெளியே போகிறது என்று அர்த்தம். தம்பி, அந்த விளக்கு ஹேண்ட்பிரேக்குக்கு மட்டும் இல்லை, டப்பாவில் ஆயில் குறைந்தாலும் அதுதான் எரியும். திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் சாய்கிறது, உள்ளே இருக்கும் மிதவை இறங்குகிறது, அதனால் மின்னுகிறது. முதலில் நாலு டயரின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார். அப்புறம் பெடலுக்கு மேலே, மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் தண்டு வருகிற இடத்தைத் தடவு, காலடி மேட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பார். இப்போது மழைக்காலம், எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும், அதனால் வழவழப்பாகக் கையில் பட்டதைத் தண்ணீரில் கழுவு. பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்து போய்விடும், என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ என்றால் பிசுக்கு அப்படியே நிற்கும்.

மோல்மேன் மாமா
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். கூட ஒன்று. வண்டியை நிறுத்தி, பெடலை ஒரே அழுத்தாக ஒரு நிமிஷம் மிதித்துப் பிடி. மெதுவாகக் கீழே போய், வெளியே எங்கும் ஒரு சொட்டு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே விடுகிறது. சில வண்டியில் ஆயில், மிதிக்கிற பலத்தைக் கூட்டுகிற பூஸ்டருக்குள் போய்விடும், தேடித் தேடிக் களைத்துப்போவாய்.

தாமுவே ப்ரோபாக்ஸ்
பார்த்துவிட்டேன். இடது பின்சக்கரம். டயர் உள்பக்கம் நனைந்து, டிரம் பின்தட்டின் அடியில் சொட்டுகிறது. கழுவினால் கரைகிறது. பெடலும் முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது.

மோல்மேன் மாமா
அப்போ டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர்தான். டிரம்மைக் கழற்று, உள்ளே ஆயிலை அடைக்கிற கப் ரப்பர் இரண்டும் மாற்று, சிலிண்டர் உள்சுவரை மெல்லிய எமரி போட்டுத் துடை, முடிந்தது. முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். புது சிலிண்டர் என்று கடைக்காரன் கொடுப்பது பாதி போலி, போட்ட மாசமே ஒழுகும். வண்டியோடு வந்த ஜப்பான் சிலிண்டரைத் தூக்கி எறிந்துவிட்டு அதைப் போடுவதில் என்ன கெட்டிக்காரத்தனம்?

ராத்திரி ஸ்பானர்
போலி விஷயத்தில் மாமா சொல்வது சரி. ஆனால் ரப்பர் ஏன் கிழிந்தது? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரங்கூன் மழையில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் சிலிண்டருக்குள் குழி போடும், குழியின் ஓரம் புது ரப்பரையும் அறுக்கும். எமரி போட்டால் மினுக்கம் வரும், குழி போகாது. நகத்தை உள்ளே ஓட்டிப் பார், எங்காவது தட்டினால் சிலிண்டரை மாற்று.

மோல்மேன் மாமா
தட்டாவிட்டால்?

ராத்திரி ஸ்பானர்
தட்டாவிட்டால் ரப்பர் போதும். நான் எப்போது இல்லை என்றேன்?

மோல்மேன் மாமா
மேலே படி, அந்தத் தொனியில்தான் சொன்னாய். சரி, டிரம்மை உரசிப் பிடிக்கிற ஷூவில் ஆயில் ஊறியிருக்கும் தம்பி. பெட்ரோலில் அலசிக் கொளுத்தி எடுத்தால் திரும்பப் போடலாம்.

ராத்திரி ஸ்பானர்
மாமா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் இது தப்பு. ஷூ மேல் ஒட்டிய லைனிங் குடித்த ஆயில், டிரம் சூடானதும் திரும்பக் கசியும். ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும், ஈர ரோட்டில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது ஷூ. பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் ரப்பர் கிட்டே கொண்டு போகாதே, உப்பிவிடும்.

சும்மா எட்டிப்பார்க்கிறேன்
இவ்வளவு செலவு எதற்கு? பிரேக் இரண்டு பாதையாகத்தானே பிரித்திருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். வெள்ளிக்கிழமை போய் வந்து செய்யலாம்.

ராத்திரி ஸ்பானர்
நிறுத்தும், ஆனால் பாதி பிரேக்கில். பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்கும் தூரம் கூடும். உள்ளே ஆறு பேர், முன்னால் திடீரென்று நிற்கிற லைன்பஸ். நீங்கள் ஓட்டுங்கள், நான் ஏறமாட்டேன்.

மோல்மேன் மாமா
பெகுவுக்கு ரயிலில் போ தம்பி.

தாமுவே ப்ரோபாக்ஸ்
ரயிலில்தான் போனோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கழற்றினேன். இடது சிலிண்டரில் நகம் இரண்டு இடத்தில் தட்டியது, புதுசு போட்டேன். வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது, ரப்பர் மட்டும் மாற்றினேன். ஷூ இரண்டு பக்கமும் புதுசு. ஆனால் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. அமெரிக்க வீடியோவில் சொன்னபடி வலது பின்சக்கரத்தில்தான் தொடங்கினேன்.

ராத்திரி ஸ்பானர்
அங்கேதான் தப்பு. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில்தான் ஏர் எடுக்கத் தொடங்கணும். அவர்களுக்கு ஸ்டியரிங் இடது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் அந்தப் பக்கம், அதனால் வலது பின்சக்கரம் தூரம். நம் பர்மா 1970இல் ரோட்டின் வலது பக்கத்துக்கு மாறியது, ஆனால் உன் வண்டி ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் இன்னும் வலது பக்கம்தான். உனக்கு இடது பின்சக்கரம்தான் தூரம். அங்கே தொடங்கு, அப்புறம் வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இரு, புது ஆயில் நிறம் வரும்வரை விடு. பெடலைத் தரைவரை மிதிக்காதே, பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வழக்கமாகப் போகாத அழுக்கில் போய்க் கிழியும். மூடி திறந்து நாளான பாட்டில் ஆயிலும் வேண்டாம். டாட் 3 புதிதாக இருந்தால் 205 டிகிரியில் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 140 வரைக்கும் இறங்கலாம்.

தாமுவே ப்ரோபாக்ஸ்
செய்தேன். பழைய ஆயில் கடுஞ்சாயா நிறத்தில் வந்தது. பெடல் இப்போது மேலேயே கல் மாதிரி நிற்கிறது. ஒரு வாரம் ஆச்சு, டப்பாவில் அளவு அசையவில்லை.

மோல்மேன் மாமா
நல்லது. அந்தப் பழைய இடது சிலிண்டரை எறிந்துவிடாதே, எனக்குக் கொடுத்துவிடு.

ராத்திரி ஸ்பானர்
மாமா!