புதுப்பிப்பு: எல்க் வேட்டை பழக வகுப்பா, காடா?

கொலராடோவில் எல்க் மான் வேட்டை பழக இணைய வகுப்புக்குப் பணம் கட்டலாமா, நேரே மலையேறிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செப்டம்பர் வில்வேட்டைப் பருவம் முடிந்துவிட்டது.

வகுப்புக்குக் கட்டிய பணம் வீண் இல்லை. மேய்ச்சல் வெளி, படுக்கும் இடம், தண்ணீர் மூன்றையும் வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. எல்க் குரல் எழுப்பவும் வீட்டிலேயே பழகிக்கொண்டேன். (1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு இங்கே கட்டாயமான வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வேறு, அதை எப்படியும் முடித்தாக வேண்டும்.)

காற்றை மட்டும் காடுதான் கற்றுக்கொடுத்தது. அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். இதை வகுப்பிலும் சொல்கிறார்கள். ஆனால் திரும்புகிற அந்த நேரத்தில், ஓடைகள் சேரும் பள்ளங்களில் காற்று நாலா பக்கமும் சுழல்வதைப் பொடி தூவிப் பார்த்தபோதுதான் எங்கே நிற்கக் கூடாது என்று புரிந்தது. நம் வாடை பட்டால் மந்தை அடுத்த மலைக்கே போய்விடும். அப்புறம், 3,000 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்குவதை எந்தக் காணொளியும் பழக்கிவிடாது.

அடுத்த ஆண்டு புது வகுப்பு எதுவும் வாங்கப்போவதில்லை. அந்தப் பணத்தில் ஜூலை, ஆகஸ்டிலேயே அதே பகுதியில் முகாம் போடுகிறேன்.

இறைச்சி சுமப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தொடும். துணை ஆள் இல்லாமல் பாதையிலிருந்து வெகுதூரத்தில் அம்பு விடாதீர்கள்.