நசுங்காத வாஷர்

எங்களுடையது பழைய ஒரு லிட்டர் வேகன் ஆர், மூன்று சிலிண்டர் வண்டி. போன மாதம் கொல்லிமலை ஏறும்போது, காரவள்ளி தாண்டிப் பத்து வளைவுகூட ஆகியிருக்காது, மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. செகண்ட் கியரில் முழுசாக மிதித்தாலும் இழுக்கவில்லை. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலை, பின் சீட்டில் அம்மா. பேசாமல் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறை வரைக்கும் ஓட்டிப் போகலாம். இமைத்தால் மிதிக்கவே கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

ஊரில் காட்டிய இடத்தில் "மூணு காயிலையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். சிலிண்டருக்கு ஒன்றாகப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக், அதன் தலையில் அதற்கு மின்சாரம் தரும் காயில். விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நண்பரிடம் இருந்த, கோளாறு எண்ணைக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகிப் பார்த்தால் பி0302. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். ஆக, கோளாறு நடுச் சிலிண்டரில். காயிலா ப்ளக்கா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. நடுக் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை நடுவிலும் மாட்டினேன். அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். கோளாறு காயிலில் இருந்தால் 0303 வந்திருக்க வேண்டும். மறுபடியும் 0302 தான். அப்போ காயில் நன்றாகத்தான் இருக்கிறது, சந்தேகம் ப்ளக் மேல்தான்.

ஞாயிறு காலை, இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ஆரம்பித்தேன். இதில் அவசரம் கூடாது. ப்ளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை உரிந்து வந்துவிடும். பத்தாம் நம்பர் போல்ட்டை எடுத்துவிட்டுக் காயிலை லேசாகத் திருகி மேலே இழுத்தால் வந்துவிடுகிறது. ப்ளக் குழிக்குள் செம்மண் தூசி. அதை ஊதாமல் ப்ளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள்தான் போகும். பையனுடைய சைக்கிள் பம்பால் காற்றடித்தேன்.

பதினாறாம் நம்பர் ப்ளக் சாக்கெட்டை நடுவில் இறக்கி ராட்செட்டை அசைத்தேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. கையாலேயே சுற்றிச் சுற்றி வெளியே வந்துவிட்டது. மரைக்கு மேலே இருக்கிற வாஷர் புதுசு போல உப்பியே இருந்தது, நசுங்கவே இல்லை. மரை முழுக்க வாயு கசிந்த கறுப்பு. முனைப் பீங்கான் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து, மையக் கம்பி தேய்ந்து மழுங்கியிருந்தது. ப்ளக்கின் சூட்டில் பெரும்பகுதி மரையும் வாஷரும் ஹெட்டோடு அழுந்தியிருக்கிற இடம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். லூசாக இருந்தால் அந்த வழி அடைபட்டு முனை வெந்துபோகிறது. போன வருடம் சர்வீஸில் மூன்றும் புதுசு போட்டார்கள். நடுவில் உள்ளதைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்பேனர் வைக்க மறந்திருக்கிறார்கள். அம்மாவோடு அத்தனை உயரம் ஏறியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

மூன்றாவது நேர் எதிர். அசையவே இல்லை. மரை எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, கால் சுற்று கழற்று, கொஞ்சம் திரும்ப முடுக்கு என்று மாற்றி மாற்றிச் செய்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. வாஷர் தகடாகியிருந்தது.

புது ப்ளக் போடும் விதத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு சாண் பெட்ரோல் டியூபை ப்ளக்கின் தலையில் செருகி, அதைப் பிடித்தே குழிக்குள் இறக்கி விரலால் சுற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் தப்பித்துவிடும். ஸ்பேனரோடு நேராக ஆரம்பித்தால் அந்தக் கோணல் கைக்கே தெரியாது. கையால் முட்டுகிற வரை சுற்றியபின், வாஷர் உள்ள புது ப்ளக்குக்கு அரைச் சுற்று, அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வாஷர் நசுங்குவது ராட்செட் பிடியில் தெளிவாகத் தெரியும்: முதலில் மெத்தென்று போகும், அப்புறம் சட்டென்று இறுகும். பழைய ப்ளக்கையே திரும்பப் போடுவதென்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். போடுவதற்கு முன் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து ப்ளக் முனையின் இடைவெளியை, அதாவது கேப்பை, பாருங்கள். என்னுடையதற்கு 1 மில்லிமீட்டர். கழற்றிய நடு ப்ளக்கில் அது 1.4 ஆகியிருந்தது.

மூன்று ப்ளக்குக்கும் சேர்த்து ஐந்நூறு சொச்சம் ஆனது. சாவியைத் திருப்பியதும் ஐட்லிங் பழையபடி நின்றது, ஸ்டீயரிங் நடுக்கம் இல்லை. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைமேல் செம்மேடு வரை போய் வந்தோம், விளக்கு எரியவில்லை. மூன்றாவது குழியின் அடியில் மட்டும் லேசாக ஆயில் ஈரம் இருந்தது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட் கசிவாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு அதைத் திறக்கிறேன்.